பயந்தாங்கொள்ளியின் மதகு

என் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை. பல்லி கத்தினால் பயம். லிஃப்ட் கதவு மூடினால் பயம். ஊசி போட்டுக்கொள்ளப் போனால் நர்ஸ் கையை அவள் பிடித்துக்கொள்வாள், அவள் கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். நீச்சல் தெரியாது, கற்றுக்கொள்ளவும் பயம். அப்படிப்பட்டவளிடம் போய் இருபத்திரண்டு அடி ஏரியையும் அதன் எட்டு ஷட்டர்களையும் பத்தொன்பது வருஷமாக ஒப்படைத்து வைத்திருக்கிறார்கள். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். இங்கே பூமாலையின் கையில் குரங்கைக் கொடுத்திருந்தார்கள்.

முதலில் அவள் சேர்ந்தது ஷட்டரின் பல்சக்கரங்களுக்கு கிரீஸ் தடவும் தற்காலிக வேலைக்கு. அப்போதிருந்த ஆபரேட்டர் ஒரு மழை நாளில் தூங்கிவிட்டார். தூங்காத ஆள் யார் என்று தேடியபோது எல்லோரும் அக்காவைக் காட்டினார்கள். ஏரி நிரம்பியிருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. நிரம்பாவிட்டாலும் வராது, நிரம்பிவிடுமோ என்று. கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்தது. இரண்டு மாப்பிள்ளைகளிடமும் அவள் கேட்ட ஒரே கேள்வி, "உங்க வீடு ரோட்டுல இருந்து எத்தனை அடி உயரம்?" மூன்றாவது இடம் வரவில்லை. மதகுக்குப் பக்கத்தில் துறை கொடுத்த ஒன்றரை அறை வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அவள் வேலையைச் சொன்னால் சுலபமாகத்தான் இருக்கும். புயல் மாதங்கள் தொடங்குவதற்குள் ஏரியை மூன்றடி குறைத்து வைக்க வேண்டும். குறைத்தால், குடிக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்று மேலே இருப்பவர்கள் திட்டுவார்கள். குறைக்காவிட்டால், உபரித் தண்ணீர் போகும் கால்வாயோரத்தில் குடியிருக்கும் நாங்கள் திட்டுவோம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவள் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு, கரையில் நட்டிருக்கும் அளவுகோலுக்குப் போய்விடுவாள். அலை அடிக்கும்போது அளவு நிலையாக நிற்காது அல்லவா, அதற்காகப் பத்து அலை எண்ணுவாள். ஒவ்வொன்றும் ஏறின உயரம், இறங்கின ஆழம், இரண்டுக்கும் நடு. பத்துக்கும் சராசரி எடுத்து நோட்டில் எழுதுவாள். எழுதிவிட்டு மறுபடியும் பத்து அலை எண்ணுவாள், முதலில் எண்ணினது தப்பாக இருக்குமோ என்று.

எங்கள் கால்வாய்த் தெரு மதகிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தில் இருக்கிறது. அங்கே நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய அம்மாவும் இருந்தோம். அவர் பஸ் கண்டக்டர், நான் தையல்காரி. அந்த வருஷம் முதல் புயலுக்கு அக்கா போன் போட்டு, "கிளம்புங்க, கிளம்புங்க" என்று அழுதாள். தெருவே மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்குப் போனது. ஒரு சொட்டு வரவில்லை. இரண்டாவது புயலுக்கும் அப்படியே, அதிலும் வரவில்லை. என் மாமியார் தெருக்குழாயில் நின்று, "எங்க மருமக அக்காவுக்குத் தும்மல் வந்தாக்கூட நாம பாயைச் சுருட்டணும்" என்றார். தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். யாரோ அதை அக்காவின் காதில் போட்டுவிட்டார்கள். அவள் முகம் சுருங்கிப்போனது என்று மதகு வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

மூன்றாவது புயல் வந்த அன்று ஏரி இருபத்தொன்றரை அடியில் நின்றது. முந்தைய இரண்டும் கொட்டின தண்ணீர் அது. காலையில் மைக் கட்டின ஆட்டோ ஒன்று தெருவில் வந்து, தாழ்வான பகுதியினர் வெளியேறவும் என்று கத்திக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"என்னக்கா, மூட்டை கட்டவா?"

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னாள். "வேணாம் மாப்பிள்ளை. அரையடி இறங்கியிருக்கு. மூணு தடவை பாத்துட்டேன். அத்தையை அலைக்கழிக்க வேணாம்."

பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக என் அக்கா பயப்படாமல் பேசினாள். எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு நாளாக அவள் மதகை விட்டு நகரவில்லை என்பதால் மாற்றுத்துணியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு பத்தரை மணிக்குக் கிளம்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவதாகத்தான் நினைப்பு.

மதகு அறை என்பது பத்துக்குப் பத்து. ஒரு தகர மேஜை, ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவர்க் கடிகாரம், கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டின டேப், ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. மேஜைக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஊமை இல்லை, ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். நான் உள்ளே நுழைந்த பத்தாவது நிமிஷம் காற்று கதவை என் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அறைந்தது. மூன்று பேரும் சேர்ந்து தள்ளித்தான் தாழ்ப்பாள் போட்டோம். அதற்குப் பிறகு வெளியே தலை நீட்டுகிற பேச்சே இல்லை.

காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து, ஊர்ப் பக்கத்திலிருந்து ஏரிக்குள் அடித்தது. கூரைத் தகடு ஒன்று எங்கிருந்தோ கிளம்பி வந்து ஜன்னலைத் தாண்டிப் பறந்துபோனது. கட்டடம் நடுங்கியதா, நான் நடுங்கினேனா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. அக்கா மட்டும் கால் மணிக்கு ஒரு முறை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போவாள். கயிற்றின் மறுமுனை வாட்ச்மேன் கையில் இருக்கும். போவதற்கு முன் "ஐயோ" என்பாள், வந்த பிறகும் "ஐயோ" என்பாள். நடுவில் பத்து அலை எண்ணிவிட்டு வந்திருப்பாள்.

பன்னிரண்டு மணிக்கு இருபதடி. ஒரு மணிக்குப் பதினெட்டரை. வயர்லெஸ்ஸில் உதவிப் பொறியாளர் ஏ.இ. சாரின் குரல் சந்தோஷமாக வந்தது. "நல்லா இறங்குதும்மா. திறந்திருக்கிற ரெண்டு ஷட்டரையும் மூடிடுங்க. ஊருக்கு ஏன் வீணா தண்ணி. நான் சொல்லாம எதையும் திறக்காதீங்க." அக்கா மூடினாள். நான் அவளுக்குச் சாப்பாட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"என்னடி இது? மழை இப்படிக் கொட்டுது, ஓடையெல்லாம் உள்ளதான் வருது. ஷட்டரையும் மூடியாச்சு. அப்புறம் எப்படி இறங்கும்?"

"இறங்கினா நல்லதுதானேக்கா. அதுக்கும் பயமா?"

"குழாயைத் திறந்துவிட்ட வாளி எங்கயாவது வத்துமா?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வயர்லெஸ் கரகரத்தது. எதிர்க்கரையில் இருக்கிற அளவு பார்ப்பவர், பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார். "மதகு... மதகு... கேக்குதா? இங்க அளவுகோலே முழுகிப்போச்சு. தண்ணி கரையை நக்குது. நீங்க ஏன் இன்னும் மூடி வெச்சிருக்கீங்க?" அதோடு வயர்லெஸ் செத்தது. மின்சாரம் போய், பேட்டரியிலும் தண்ணீர் இறங்கியிருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணி அலசுகிற பேசினை ஒரு பக்கம் தூக்கினால் தண்ணீர் மறு பக்கம் போய் ஒதுங்கும் இல்லையா, காற்று ஏரியை அப்படிச் சாய்த்து வைத்திருந்தது. எங்கள் பக்கம் இறங்கினதெல்லாம் எதிர்ப்பக்கம் ஏறியிருந்தது. ஏரி ஒரு விரல்கூடக் குறையவில்லை. காற்றின் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு அளவு பார்த்தால் ஏரி பொய் சொல்லும் என்பது மதகுக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். சாதாரணக் காற்றுக்கு நாலு விரல் வித்தியாசம் வரும், அதை அவளே கூட்டிக்கொள்வாள். மூன்றடி வரும் என்று அவள் கண்டதில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் அக்கா ஆனைகூட இல்லை.

"நான் ஒதுங்கின தண்ணியைப் பாத்துட்டு இறங்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்டி" என்றாள். "மாப்பிள்ளைகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

சரியாக இரண்டு மணிக்குக் காற்று நின்றது. ஒரே வீச்சில் கத்தரியால் நறுக்கினது மாதிரி. மழையும் தூறலாகிவிட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அக்காவைப் பார்த்தால் அவளுக்கு உதடு வெளுத்திருந்தது.

"முடிஞ்சதுன்னு நினைக்காத. இது புயலோட நடுப்பகுதி. கொஞ்ச நேரத்துல மறுபடி அடிக்கும். ஏரிப் பக்கத்துல இருந்து, நம்ம மூஞ்சியில."

சாய்ந்திருந்த தண்ணீர் முதலில் தானாகத் திரும்பி வரும். அதன் பின்னால் காற்று சேர்ந்துகொண்டு தள்ளும். வந்து நம் கரைமேல் ஏறும். கரை மண் கரை. அது உடைந்தால் கால்வாய்த் தெரு மட்டுமல்ல, பின்னால் இருக்கும் ஊரே போகும், ஆறாயிரம் வீடு. அலை வந்துவிட்டால் ஷட்டர் மேடையில் யாரும் நிற்க முடியாது. மோட்டாருக்குக் கரண்ட் இல்லை, கைப்பிடியைப் பிடித்துக் கையால்தான் சுற்ற வேண்டும், ஒரு ஷட்டருக்கு இரண்டு பேர் சேர்ந்து பத்து நிமிஷம். ஆகவே தூக்குவதென்றால் இப்போதே தூக்க வேண்டும். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கால்வாய் ஏற்கெனவே மழைத்தண்ணீரில் விளிம்பு தட்டிக்கொண்டிருந்தது. ஷட்டரைத் தூக்கினால் முதலில் முழுகுவது எங்கள் வீடு. தெருவில் பாதிப்பேர் மைக்கைக் கேட்டுக் கிளம்பியிருப்பார்கள். என் வீட்டுக்காரரும் மாமியாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னவள் என் எதிரில் நிற்கிறாள்.

"தூக்காதக்கா. ஏ.இ. சார் திறக்கக் கூடாதுன்னாரு."

"அவர் எதிர்க்கரை சொன்னதைக் கேக்கல."

"அவங்க ரெண்டு பேரும் உள்ள இருக்காங்க. நீதான் இருக்கச் சொன்ன." நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அரை மணி நேரம் குடு. நான் ஓடிப்போய்க் கூட்டிட்டு மாடிக்கு ஏத்திடறேன்."

அவள் வெளியே எட்டி அளவுகோலைப் பார்த்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் தண்ணீர் நாலு விரல் ஏறியிருந்தது.

"இருபது நிமிஷம்" என்றாள். "அதுக்கு மேல என்னால முடியாது. போ."

வாட்ச்மேன் கையால் சுற்றுகிற சைரனைச் சுற்றத் தொடங்கினார். கடிகாரத்தில் இரண்டு பத்து. நான் ஓடினேன்.

நான் ஓடுகிற பிறவி இல்லை, உட்கார்ந்து தைக்கிற பிறவி. ரோட்டில் மரங்கள் குறுக்கே கிடந்தன, கம்பிகள் தொங்கின. எதை மிதித்தேன், எதைத் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்தில் கால்வாய்த் தண்ணீர் என்கூடவே ஓடிவந்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன், மூன்றாவது நிமிஷம், ஆறாவது நிமிஷம். செருப்பு போன இடம் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது சுவரில் இரண்டு இருபத்திரண்டு. இன்னும் எட்டு நிமிஷம். பள்ளிக்கூடம் தெரு முனையில், நடந்தால் நாலு நிமிஷம்.

மாமியார் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"காத்து நின்னுடுச்சே, இப்ப எதுக்கு?"

"ஷட்டரைத் தூக்கப் போறாங்க அத்தை. எழுந்திரிங்க."

"உங்க அக்காதானே காலையில வேணாம்னா? மூணு தடவை பாத்தாளாமே."

"தப்பாப் பாத்துட்டா."

"அப்ப இப்ப பாத்தது மட்டும் சரியா?"

அவருக்கு மாத்திரை டப்பா வேண்டும், கண்ணாடி வேண்டும், புடவை மாற்ற வேண்டும். நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக மாமியாரை "வாயை மூடுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். குனிந்து அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டார். வெளியே வரும்போது இரண்டு இருபத்தெட்டு. இருபது நிமிஷம் முடிய இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது, தூக்கின பிறகும் தண்ணீர் வந்து சேர ஐந்தாறு நிமிஷம் ஆகும். போய்விடலாம் என்றே நினைத்தேன்.

பள்ளிக்கூடத்து கேட் கண்ணுக்குத் தெரிந்தது. படியில் நின்றவர்கள் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி. முழங்கால் அளவுதான் வந்தது. ஆனால் என்ன இழுப்பு. என் வீட்டுக்காரருக்குக் கால் பெயர்ந்தது. மாமியார் அவர் முதுகிலிருந்து கேட்டின் இரும்புத் தூணில் போய் அடித்து விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீர் அவரை இரண்டு கஜம் இழுத்துக்கொண்டு போனது. எலக்ட்ரீஷியன் ஒருவர் குதித்துத் தலைமுடியைப் பிடித்து நிறுத்தினார்.

அதற்குப் பிறகு மூன்றரை மணிக்கு மேல் காற்று மறுபக்கமிருந்து அடித்தது. மாடியில் இருநூறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தோம். மாமியார் முனகிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு இரைச்சலுக்கும் கரை போச்சு, கரை போச்சு என்று யாராவது எழுந்து உட்கார்ந்தார்கள். நான் அக்காவை நினைத்தேன். பயத்தோடும் நினைத்தேன், ஆத்திரத்தோடும் நினைத்தேன். கரை போகவில்லை.

மறுநாள் மதகுக்குப் போனேன். மேடையின் தடுப்புக் கம்பி முழுதும் அலையில் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. எட்டில் ஆறு ஷட்டர் தூக்கியிருந்தது, கடைசி இரண்டுக்குப் போவதற்குள் அலை வந்துவிட்டதாம். அக்கா மேஜைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தது. எழுப்பலாம் என்று குனிந்தபோது நோட்டு திறந்திருந்தது. அவள் கையெழுத்து. சைரன் 2.10. முதல் ஷட்டர் 2.26.

பதினாறு நிமிஷம்.

நான் எழுப்பவில்லை. வந்துவிட்டேன். நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷம் இருந்திருந்தால் மாமியார் தன் காலால் நடந்துகொண்டிருப்பார். இப்போது இடுப்பு எலும்பு கூடவில்லை, கட்டிலோடு சரி. நான்கு மாதம் அக்காவிடம் நான் பேசவில்லை. உத்தரவில்லாமல் திறந்ததற்கு அவளுக்கு மெமோ கொடுத்தார்கள், விசாரணை வைத்தார்கள், பிறகு எதிர்க்கரைக்காரர் வந்து சொன்னபின் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊர் அவளுக்கு மாலை போட வந்தபோது கதவைத் திறக்கவில்லையாம். எல்லாம் மற்றவர் சொல்லிக் கேட்டதுதான்.

கடைசியில் மாமியார்தான் சொன்னார். "உங்க அக்காவை வந்து என்னைப் பாக்கச் சொல்லு. நான் என்ன எழுந்து அடிக்கவா போறேன்?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த டம்ளரை வைத்தாள். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

"இருபது நிமிஷம்னு சொன்னியே. பதினாறுல தூக்கிட்ட. காத்து முன்னாடியே திரும்பிடுச்சா?"

"இல்ல."

"தண்ணி வேகமா ஏறுச்சா?"

"இல்ல. இருபது தாங்கியிருக்கும்."

"அப்ப ஏன்க்கா?"

அவள் அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்க்காமல்தான் பேசினாள். "நீ ஓடறதை ஜன்னல்ல பாத்துக்கிட்டே நின்னேன். வளைவுல மறைஞ்சுட்ட. போய்ச் சேந்திருப்பாளா, ஏத்தியிருப்பாளான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். எண்ண எண்ண, இருபது ஆனதும் இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் இன்னும் அஞ்சு. நான் தூக்கவே மாட்டேன்டி. என்னை எனக்குத் தெரியாதா? அதான் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட, இப்பவே சுத்தலாம், நடுவுல நான் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீங்கன்னேன்."

"நிறுத்தச் சொன்னியா?"

"கத்தினேன். அவர் நிறுத்தல. நானும் கைப்பிடியை விடல."